பிர்ச் காடு கருகிய கோடையில் ரிஸ்டென்

தேத்னு ஆற்றங்கரையில் ரிஸ்டெனுக்குக் காப்பி கொடுப்பது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. கோப்பையை வாங்கிக்கொள்வாள், எங்கள் பக்கத்து வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு ஊறவும் விடுவாள். ஆனால் கொடுத்தவள் தன் கோப்பையில் முதல் மடக்கைக் குடித்து முடிக்கும்வரை உதட்டருகே கொண்டுபோக மாட்டாள். கடையில் மாவு நிறுக்கும்போது தராசுத் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். ஜெபக் கூட்டத்தில் போதகர் கண்ணை மூடச் சொன்னால் அவள் ஒரு கண்ணைத்தான் மூடுவாள் என்று ஒரு கேலி உண்டு. மந்தைத் தலைவர் நீலாஸ் சொல்வார்: "ரிஸ்டென்கிட்ட இன்னைக்கு நல்ல வெயில்னு சொல்லிப் பாரு, யாரு சொன்னான்னு கேப்பா."

பிறவியிலேயே அப்படிப்பட்டவள் இல்லை அவள். கல்யாணமான புதிதில் கதவைச் சும்மா சாத்திவிட்டு மலைமேல் பனிமான் மந்தைக்குப் போய், வாரம் கழித்துத் திரும்பி வருகிறவள்தான். கணவன் யோவ்னா ஆற்றோடு போன பிறகுதான் எல்லாம் மாறிப்போனது.

பனிக்கட்டி உடைந்து ஆறு பெருகிய சமயம் அது. யோவ்னாவும் அவன் தம்பி ஆந்தரஸும் நீளப் படகில் மேலாற்றுக்கு வலைகளை எடுத்துவரப் போனார்கள். பாறைத் திருப்பத்தில் படகு கவிழ்ந்தது. ஆந்தரஸ் மட்டும் கரையேறி வந்தான். "தள்ளுகோல் முறிஞ்சிருச்சு அண்ணி. அண்ணன் தடுமாறி விழுந்துட்டார்" என்றான். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

ஆனால் சில வாரம் கழித்து எதிர்க்கரைக்குப் போனபோது ஆந்தரஸ் வீட்டு முற்றத்தில் ஒரு தள்ளுகோல் சாத்தியிருந்ததைப் பார்த்தாள். நுனியில் பித்தளைப் பூண், நடுவில் யோவ்னா கத்தியால் கீறிய குறி. முறியவில்லை. ஒரு சிராய்ப்புகூட இல்லை.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள், அது உள்ளேயே கிடந்து வளர்ந்தது. ஆந்தரஸ் நார்வேக் கரையில் இருப்பவன், இவள் பின்லாந்துக் கரை. நடுவில் ஆறு மட்டும்தான். அவன் வீட்டுப் புகைபோக்கியில் புகை எழும்புவதை வைத்தே எப்போது எழுந்தான், எப்போது வெளியே போனான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவன் வழக்கம்போல வருஷா வருஷம் வந்து அவள் புல்லை அறுத்துக் கொடுத்தான். சால்மன் கிடைத்தால் ஒரு பாதியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதை நாய்க்குப் போடுவாள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் அவள் தொட மாட்டாள். ஆந்தரஸ் கொடுத்த மீனிலேயே அந்த நாய் கொழுத்துப்போனது.

மகள் காத்யா, தேவாலயம் இருக்கிற பெரிய ஊரில் விடுதிப் பள்ளிச் சமையலறையில் வேலையாக இருந்தாள். மாதம் ஒருமுறை வருவாள். "சித்தப்பாவை ஏம்மா அப்படி நடத்துறே?" என்று ஒருதரம் கேட்டாள். "எப்படி நடத்துறேன்? நடத்தவே இல்லையே" என்றாள் ரிஸ்டென்.

கோடை முடிந்து முதல் உறைபனி விழுந்த வாரத்தில், கலெர்வோ என்ற இளைஞன் தெற்கேயிருந்து வந்து காலியாக இருந்த மீன்பிடிக் குடிசை ஒன்றில் தங்கினான். பல்கலைக்கழகத்தில் பூச்சி படிப்பவன். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். சாயங்காலம் ஆனால் பிர்ச் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, அதன் முன்னால் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் வந்து துணியில் ஒட்டும். குளிர் தொடங்கும்போது பறக்கிற பூச்சிகள் அவை. எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை, ஒவ்வொரு வருஷமும் ஜன்னலில் வந்து முட்டும். ஆனால் அந்த வருஷம் ஜன்னல் கண்ணாடியே தெரியாத அளவுக்கு அப்பிக்கொண்டிருந்தன.

ரிஸ்டென் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறபோது நின்றாள்.

"என்ன தம்பி, துணி காயப்போட்டிருக்கியா, இல்ல அக்கரைக்குச் சைகை காட்டுறியா?"

"பூச்சி பிடிக்கிறேம்மா. வெளிச்சத்துக்கு வரும்."

"பிடிச்சு?"

"பாத்துட்டு விட்டுருவேன். கொஞ்சத்தை மட்டும் டப்பாவுல வெச்சுப்பேன்."

"இம்புட்டுத் தூரம் ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்து, பூச்சியைப் பிடிச்சு, மூஞ்சியைப் பாத்துட்டு விட்டுருவே. இதுக்கு உனக்குச் சம்பளம் வேற."

"ஆமாம்மா" என்றான் அவன் சிரிக்காமல்.

"சரி, நம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளே அந்தக் கலெர்வோவை ஆந்தரஸ் தன் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவதைப் பார்த்தாள். இரண்டு பேரும் மலைச்சரிவைக் கைகாட்டிப் பேசிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவை.

அந்தக் குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக மெத்தென்று போனது. மூக்கு உறைகிற குளிர் ஒருநாளும் வரவில்லை. விறகு மிச்சமானதென்று எல்லோருக்கும் சந்தோஷம். கலெர்வோ மட்டும் பனிச்சறுக்குப் பலகையில் வந்து கிளைகளை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். மரப்பட்டை இடுக்கில் பூச்சிகள் இட்ட முட்டையெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று கடையில் சொன்னானாம். கடும் குளிர் வந்தால்தான் அவை சாகுமாம். இதைக் கேள்விப்பட்டதும் ரிஸ்டென், "முட்டையைக் காவல் காக்குறானா?" என்று கேட்டாள்.

கோடை தொடங்கியது. பிர்ச் மொட்டு விரிகிறபோதே உள்ளே பச்சைப்புழு இருந்தது. நூல் பருமனில் தொடங்கி விரல் நகம் நீளத்துக்கு வளர்ந்தன. இலை விரிய விரியத் தின்றன. சூரியன் மறையாத நாட்களாகையால் அவற்றுக்கு ஓய்வு ஒழிச்சலும் இல்லை. வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் காட்டுக்குள் நுழைந்தால் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். புழுக்களின் எச்சம் உதிர்கிற சத்தம் அது. புழு விட்ட இழை முகத்தில் நூல் நூலாகச் சிக்கும். காயப்போட்ட துணியில், செம்மறியின் முடியில், மூடி வைத்த பால்பானையின் விளிம்பில், எங்கே பார்த்தாலும் புழு. மலைச்சரிவு மேலேயிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டே வந்தது. பார்க்கிறவர்களுக்குத் தீப்பிடித்த காடு மாதிரிதான் இருக்கும். இலை தின்ன வந்த பனிமான்கள் வெறுங்குச்சியை மோந்து பார்த்துவிட்டு முகட்டைத் தாண்டிப் போய்விட்டன.

கடை வாசலில் கலெர்வோவை மடக்கினாள் ரிஸ்டென். நீலாஸும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள்.

"போன வருஷம் டப்பாவோட வந்தே. இந்த வருஷம் காடே போச்சு. இப்ப என்ன சொல்றே?"

"நான் கொண்டாரலம்மா. நான் பிடிச்சு வெச்சது ஒரு கைப்பிடிகூட இருக்காது. புழு மலை முழுக்க இருக்கு."

"ஒரு கைப்பிடி புளிச்ச மாவைக் கலந்தா பானை மாவும் பொங்குதே. அது மட்டும் எப்படியாம்?"

நீலாஸ் குறுக்கே வந்தார். "ஏம்மா, அந்தப் பையனைப் போட்டுப் படுத்துறே? எங்கப்பா காலத்துலயும் இப்படி வந்துச்சு. அடுத்த வருஷமே துளிர்த்துருச்சு. இது வரும், போகும்."

"உங்கப்பா காலத்துல எத்தனை புழு வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எண்ணிப் பாக்கலம்மா. எனக்கு வேற வேலை இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்டென் சிரிக்கவில்லை. கலெர்வோ பக்கம் திரும்பி, "நீ சொல்லு. துளிர்க்குமா?" என்றாள்.

"பெரும்பாலும் துளிர்க்கும்" என்றான் அவன். "ஆனா இந்த அளவுக்குத் தின்னு நான் பாத்ததில்ல. மரம் எவ்வளவு தாங்கும்னு சொல்லத் தெரியல."

அந்தப் 'பெரும்பாலும்' அவள் காதில் தங்கிவிட்டது.

இந்தப் பேச்சுக்குப் பிறகு ஒருநாள் அவள் ஆட்டுத் தொழுவத்திலிருந்து வெளியே வந்தபோது, சரிவில் மரங்களுக்கு இடையே ஒரு ஆள் குனிந்து நகர்வதைப் பார்த்தாள். கையில் ஒரு தகர வாளியும் மட்டையும். ஆந்தரஸ். அவள் கூப்பிடவில்லை. தொழுவத்தின் ஓரமாக ஒண்டி நின்று, அவன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறிப் போனாள். வீட்டை ஒட்டிய மரங்கள் ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் கறுப்பாக ஒரு வளையம். கையில் ஒட்டியது. காட்டமான வாசனை.

இரண்டொரு நாளில் ஒரு பெட்டை ஆடு வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனது. அதன் தாடையில் கறுப்புக் கறை இருந்தது.

இப்போது அவளுக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அண்ணனைத் தண்ணீரில் விட்டான். தெற்கத்தியானைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டை அழித்தான். மிச்ச மரத்துக்கும் ஆட்டுக்கும் விஷம் வைக்கிறான். காடும் ஆடும் இல்லாவிட்டால் தனியாக இருப்பவள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? மகளிடம் போய்விடுவாள். அப்புறம் இந்தக் கரையும் மீன் பிடிக்கிற உரிமையும் யாருக்கு? அவள் படகை இழுத்துத் தண்ணீரில் விட்டாள். அந்தத் தள்ளுகோலைப் பார்த்த நாளிலிருந்து அவள் அந்த ஆற்றைத் தாண்டியதில்லை.

ஆந்தரஸ் முற்றத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"வா அண்ணி. காப்பி போடட்டுமா?"

"என் மரத்துல என்னத்தைப் பூசினே?"

"தார். படகுக்குப் பூசுற தார்தான்."

"எதுக்கு?"

"மேல எல்லாம் தின்னு முடிச்ச புழு தரை வழியா கீழ ஊர்ந்து வருது. தாரைப் பூசினா ஏற முடியாதுன்னு கலெர்வோ சொன்னான். உன் வீட்டுக்குக் காத்துத் தடுக்குறது அந்த ஏழெட்டு மரம்தானே. அதுங்களாவது நிக்கட்டும்னு பாத்தேன்."

"கேக்காமலா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"என் ஆடு செத்துப்போச்சு."

அவன் முகம் மாறியது. "தாரை நக்கியிருக்குமோ? அது எனக்குத் தோணலியே" என்றான். பிறகு, "என் மந்தையிலேருந்து ஒண்ணை ஓட்டிட்டுப் போ" என்றான்.

"உன் ஆடு எனக்கு வேண்டாம்." அவள் சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள். அந்தத் தள்ளுகோல் இன்னமும் அங்கேதான் சாத்தியிருந்தது. "முறிஞ்ச கோல் முழுசா நிக்குதே. அது எப்படின்னு சொல்லு."

ஆந்தரஸ் வலையைக் கையில் எடுத்தான். வலையை மடித்தான், திரும்பப் பிரித்தான். அப்புறம் உட்கார்ந்துகொண்டான்.

"கோல் முறியல."

"அப்ப?"

"அண்ணன் குடிச்சிருந்தார். எழுந்து நின்னு பாட ஆரம்பிச்சார். உக்காருங்கன்னு கத்தினேன். திருப்பத்துல படகு ஆடிக் கவுந்துருச்சு, அவ்வளவுதான். கையைப் பிடிச்சேன் அண்ணி. கையுறைதான் எங்கிட்ட வந்துச்சு."

"பொய்."

"ஜெபக் கூட்டத்துல முன்வரிசையில உக்காந்த மனுஷன். குடிச்சுச் செத்தார்னு தெரிஞ்சா அடக்கத்துல போதகர் என்ன பேசியிருப்பார்? நீயும் காத்யாவும் எப்படி வெளிய தலைகாட்டியிருப்பீங்க? வாயில வந்ததைச் சொல்லிட்டேன். கோலை ஒளிக்கணும்னுகூட அப்ப தோணல."

"செத்தவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல மாட்டான். அந்தத் தைரியம் உனக்கு."

"உன் படகுக் கொட்டகையில போய்ப் பாரு. ஆத்துப் பக்கச் சுவர்ல, கட்டைக்கு இடையில அடைச்ச பாசியைப் பிடுங்கிப் பாரு. அங்கதான் வெப்பார்."

அவள் திரும்பிப் படகேறினாள்.

கொட்டகைக்குள் போய்ப் பாசியைப் பிடுங்கினாள். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடுங்கினாள். கண்ணாடி தட்டுப்பட்டது. ஒரு பாட்டில், அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்போதும் அவள் மனம் சட்டென்று விட்டுக்கொடுக்கவில்லை. ஆந்தரஸே கொண்டுவந்து வைத்திருக்கலாமே? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்று பனியில் உறைந்து அடியில் விரிசல் விட்டிருந்தது. கழுத்துக்குள் சிலந்தி வலை தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காய்ந்து தூசியாகியிருந்தது. ஒரு பக்கம் பாசி கண்ணாடியோடு ஒட்டி வளர்ந்திருந்தது. நேற்று வைத்ததில்லை. போன வருஷம் வைத்ததும் இல்லை.

படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். கடைசி வருஷத்தில் யோவ்னா எந்நேரமும் ஏஞ்சலிக்கா என்ற வாசனைச் செடியின் தண்டை மென்றுகொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. நெஞ்செரிச்சல் என்பான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான், மூச்சு தன்மேல் படாமல். மான் குட்டிக்குக் காது அறுத்து அடையாளம் போடும்போது ஒருநாள் கத்தி தவறித் தன் கட்டைவிரலையே கிழித்துக்கொண்டான், அவனைப் போலக் கை நிதானம் உள்ளவன் அந்தக் கரையிலேயே கிடையாது. இத்தனையையும் அவள் பார்த்திருந்தாள். பார்த்ததை எடுத்து ஒரு இடத்தில் வைக்கவில்லை. அவன் போனபிறகு ஊர் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தவள், அந்த ஒரு திசையில் மட்டும் தலையைத் திருப்பவே இல்லை.

அழுதாள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை ஆந்தரஸ் வாசற்படியில் மீன் வைத்துவிட்டுப் போனபோது அவள் அதைச் சட்டியில் போட்டாள். நாய் கதவருகே வெகுநேரம் காத்திருந்தது.

இலையுதிர் காலம் வருவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சரிவு துளிர்க்காது. ஏன் என்று கேட்டால் அவளிடம் விளக்கம் கிடையாது. எல்லோரும் துளிர்க்கும் என்று சொன்னதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கலெர்வோ ஊருக்குத் திரும்பும் முன் அவனைத் தேடிப் போய், "எங்க மரம் தப்பிச்சிருக்கு?" என்று கேட்டாள். ஆற்று வளைவில் தாழ்ந்த இடத்தில் என்றான். குளிர்காலத்தில் குளிர் காற்று அங்கேதான் போய்த் தேங்கும், முட்டை அங்கே உறைந்து செத்துவிடும் என்றான். அவள் நம்பிவிடவில்லை. தானே நடந்து போய்ப் பார்த்தாள். வளைவில் இலை இருந்தது. கீழ்க்கிளையைப் பிடித்து இழுத்து, இலையைத் திருப்பிப் பார்த்து, ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்று துப்பிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் அக்கரைக்குப் போய், "வீட்டைப் பிரிக்கணும்" என்றாள் ஆந்தரஸிடம்.

"எந்த வீட்டை?"

"என் வீட்டை. வளைவுக்குக் கொண்டுபோகணும். பனி விழுறதுக்குள்ள."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. சுவர்க் கட்டைகளுக்கு வரிசையாகக் குறி போட்டுக் கழற்றினார்கள். ஆற்றில் மிதக்கவிட்டு வளைவுக்குத் தள்ளினார்கள். நீலாஸ் கரையில் நின்று பார்த்தார். "புழுவுக்குப் பயந்து வீட்டையே தூக்கிட்டு ஓடுறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். "பயப்படாதவங்க இங்கேயே இருந்து பாருங்க" என்றாள் அவள், கட்டையின் மறுமுனையை விடாமல். ஆந்தரஸ் தூக்கிய முனையை அவன் சரியாகப் பிடித்திருக்கிறானா என்று இடையிடையே எட்டிப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பழக்கம் போகவில்லை.

அடுத்த கோடையில் புழு குறைவுதான். ஆனால் மேற்சரிவில் துளிர் வரவில்லை. நகத்தால் கீறினால் பட்டைக்கு அடியில் பழுப்பாக இருந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. புழு எச்சம் உரமாகி மரத்தடியில் புல் மட்டும் தொடை உயரத்துக்கு வளர்ந்தது. செத்த மரங்கள் வெள்ளையாக நின்று, ஒவ்வொன்றாக விழுந்தன. தார் பூசிய மரங்களில் மூன்று பிழைத்தன. மற்றவற்றுக்குப் புழு நூலில் தொங்கிக் காற்றில் பறந்து மேலேயே வந்து சேர்ந்துவிட்டது. காற்றைத் தடுக்க எதுவும் இல்லாமல் குளிர்காலத்தில் சரிவு வீடுகளில் பனி கூரை உயரத்துக்குக் குவிந்தது. விழுந்த மரம் உளுத்துப்போய் எரிக்க உதவாததால், சரிவில் இருந்த நாலு குடும்பம் விறகுக்கு ஆறு தாண்டிப் போகவேண்டி வந்தது. நீலாஸின் மருமகன் ரிஸ்டெனுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வந்தான். அவள் அவனை நிற்கவைத்து நிறையக் கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதித்தாள்.

ஆடு எதனால் செத்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. தாரால்தான் என்று அவள் சொல்வாள். ஆந்தரஸ் மறுக்கமாட்டான்.

காத்யாவிடம் அப்பாவைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வெகுகாலம் ஆயிற்று. புது வீட்டில், இருவரும் ஆற்றோரத்தில் உட்கார்ந்து சால்மனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தார்கள். ரிஸ்டென் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லி முடித்தாள். காத்யா கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்மா."

"யாரு சொன்னா? ஆந்தரஸா?"

"யாரும் சொல்லல. நானும் அந்த வீட்லதானே இருந்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா ஆதாரம் எங்கேன்னு கேட்டிருப்பே."

ரிஸ்டென் கத்தியைக் கீழே வைத்தாள். மகளை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு, "கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உப்புப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.